740 டி.எம்.சி.யின் மறுபாதி

காவிரியில் ஓர் ஆண்டில் 740 டி.எம்.சி. தண்ணீர் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டுதான் நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-ஆம் தேதி இறுதித் தீர்ப்பை எழுதியது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7, ஆற்றின் சூழலுக்கு 10, கடலுக்குப் போவதைத் தடுக்க முடியாதது 4. கூட்டிப் பார்த்தால் 740 சரியாக வரும், ஒரு டி.எம்.சி. கூட மிச்சமில்லை. 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்துக் கர்நாடகத்துக்குச் சேர்த்தது. பங்குகள் மாறினவே தவிர, 740 மாறவில்லை.

இந்த 740 என்பது 50 விழுக்காடு நம்பகத்தன்மை கொண்ட அளவு. ஆற்றின் ஆண்டு வரத்துகளை ஏறுவரிசையில் அடுக்கி, நட்ட நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால் கிடைப்பது அது. நூறு ஆண்டுகளில் ஐம்பது ஆண்டுகள் ஆறு இதைவிட அதிகம் தரும். மீதி ஐம்பது ஆண்டுகள் இதைவிடக் குறைவாகத்தான் தரும். கிருஷ்ணா ஆற்றுக்கு 1973-இல் தீர்ப்பளித்த பச்சாவத் நடுவர் மன்றம் 75 விழுக்காடு நம்பகத்தன்மையை எடுத்துக்கொண்டு 2,060 டி.எம்.சி.யைத்தான் பங்கிட்டது. நான்கில் மூன்று ஆண்டுகள் நிச்சயமாக வரும் தண்ணீரை மட்டும் பிரித்துக்கொடுப்பது அந்த முறை. காவிரியில் பாதி ஆண்டுகளுக்கு மேல் உறுதி சொல்ல முடியாத அளவை முழுவதுமாகப் பங்கு போட்டுவிட்டோம். அதைச் செய்ததற்குக் காரணம் இருக்கிறது: ஏற்கெனவே இருந்த பாசனப் பரப்பும் கோரிக்கைகளும் அதைவிடக் குறைந்த எண்ணுக்குள் அடங்கவே அடங்கா. ஆனால் காரணம் நியாயமானது என்பதால் ஆற்றில் தண்ணீர் கூடிவிடாது.

மறுபாதி ஆண்டுகளைப் பற்றித் தீர்ப்பு சொல்வது ஒரே ஒரு வழி: வரத்து குறையும் ஆண்டில் அந்தக் குறைவை மாநிலங்கள் தத்தம் பங்கின் விகிதத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். எவ்வளவு குறைந்தால், எத்தனை நாள் குறைந்தால், எந்த மாதத்தில் குறைந்தால் என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. இந்தக் கேள்விகளுக்கு விடை காணும் புள்ளியியல் துறை ஒன்று அரை நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்து நிற்கிறது. அதன் கண்ணால் காவிரியைப் பார்த்தால் தெரிபவை கவலை தருகின்றன.

1967-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வுயிச்சா யெவ்ஜெவிச் என்ற நீரியலாளர் வறட்சியை அளக்க எளிய வழி ஒன்றை வகுத்தார். ஆற்றின் ஓட்டத்தை வரைபடமாக வரைந்து, தேவையான அளவில் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். ஓட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கும் நாளில் பற்றாக்குறை தொடங்குகிறது. மீண்டும் மேலே ஏறும் நாளில் முடிகிறது. இடைப்பட்ட நாட்களின் எண்ணிக்கை அதன் நீளம். அந்த நாட்களில் கோட்டுக்கும் ஓட்டத்துக்கும் இடையே விட்டுப்போன மொத்தத் தண்ணீர் அதன் கடுமை. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் செறிவு. பல்லாண்டு அளவீடுகளில் இப்படி எத்தனை முறை இறங்கியது என்று எண்ணி, அந்த நீளங்களுக்கும் கடுமைகளுக்கும் பொருந்தும் பரவலைக் கண்டுபிடித்தால், எந்த அளவு பற்றாக்குறை சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று சொல்லிவிடலாம். அடிப்படை இவ்வளவுதான்.

இதைக் காவிரிக்குப் பொருத்திப் பார்ப்போம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வந்து சேர வேண்டியது ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என மாதவாரியாக அட்டவணை உண்டு. இரண்டு ஆண்டுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் ஆண்டில் ஒவ்வொரு மாதமும் 30 விழுக்காடு குறைவாக வருகிறது. ஆண்டு முழுவதற்கும் 53 டி.எம்.சி. போகிறது. இரண்டாம் ஆண்டில் மற்ற மாதங்கள் எல்லாம் சரியாக வந்து, ஆகஸ்ட் முழுவதும் செப்டம்பர் தொடக்கத்தில் ஆறு நாட்களும் ஆறு வறண்டு கிடக்கிறது. அப்போதும் போவது அதே 53 டி.எம்.சி.தான். ஆண்டுக் கணக்கு இரண்டையும் ஒன்றாகவே காட்டும். வயலில் நடப்பது வேறு. முதல் ஆண்டில் முறைப்பாசனம் வைத்து, பரப்பைக் குறைத்து, பெரும்பகுதிக் குறுவையைக் கரையேற்றிவிடலாம். இரண்டாம் ஆண்டில் கதிர் பிடிக்கும் பருவத்தில் முப்பத்தேழு நாட்கள் தண்ணீர் இல்லை. கடைமடையில் பயிர் கருகியபின் அக்டோபரில் ஆறு நிறைந்தாலும் அந்த நெல் திரும்பாது.

இது வெறும் கற்பனையும் அல்ல. 2023 ஆகஸ்ட், 1901 முதலான பதிவுகளில் இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். நாடு முழுவதும் மழை 36 விழுக்காடு குறைந்தது. அந்த ஆண்டு மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டது. நம்பி நட்டார்கள். செப்டம்பரில் விநாடிக்கு 5,000 கன அடி வீதம் பதினைந்து நாட்களுக்குத் தண்ணீர் விடச் சொல்லிக் காவிரி மேலாண்மை ஆணையம் உத்தரவிட்டபோது கர்நாடகத்தில் முழு அடைப்பு நடந்தது. அந்த உத்தரவின் மொத்த அளவு ஆறரை டி.எம்.சி. அட்டவணைப்படி செப்டம்பர் மாதத்துக்கு வர வேண்டியதில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். அடுத்த ஆண்டு ஜூலை முடிவதற்குள் மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டது. இரண்டு ஆண்டுகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பெரிய குறை தெரியாமல் போகலாம். சராசரி மறைத்துவிடும் இந்த உண்மையைத்தான் பற்றாக்குறையின் நீளமும் கடுமையும் வெளியே கொண்டுவருகின்றன.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்ற பேச்சிலும் ஓர் ஆபத்து உண்டு. இருபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் வறட்சி என்று ஒரு பொறியாளர் சொன்னால், அது ஒருமுறை வந்துவிட்டால் இனி இருபது ஆண்டு நிம்மதி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது சொல்வது, எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு 5 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதை மட்டுமே. அடுத்த இருபது ஆண்டுகளில் குறைந்தது ஒருமுறையாவது அது வருவதற்கான வாய்ப்பு 64 விழுக்காடு. இன்று வந்தது நாளையும் வரலாம்.

அடுத்தடுத்து வருவதுதான் காவிரியின் உண்மையான பலவீனம். 740-ஐக் கோடாக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் நாணயத்தைச் சுண்டுவதுபோல் முந்தைய ஆண்டைச் சாராமல் அமைகிறது என்றே எடுத்துக்கொள்வோம். இருபது ஆண்டுகளுக்குள் குறைந்தது மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாகக் கோட்டுக்குக் கீழே இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? கணக்குப் போட்டால் 79 விழுக்காடு வருகிறது. பத்தே ஆண்டுகளுக்குள் என்றால் கிட்டத்தட்ட 51. மூன்று ஆண்டுத் தொடர் பற்றாக்குறையை அபூர்வமான விபத்தாக எண்ணுவதற்கு இந்த 740 இடமே தரவில்லை. கோட்டுக்குச் சற்றே கீழே 735 வந்தாலும் இந்தக் கணக்கில் அது பற்றாக்குறை ஆண்டுதான் என்பது உண்மை. ஆகவே எத்தனை முறை என்பதோடு எவ்வளவு ஆழம் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஆறுகள் நாணயம்போல் நடந்துகொள்வதும் இல்லை. எகிப்தில் நைல் நதியோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஆங்கிலேய நீரியலாளர் ஹெரால்டு எட்வின் ஹர்ஸ்ட், பல நூற்றாண்டுகளின் நீர்மட்டக் குறிப்புகளை ஆராய்ந்து 1951-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். வறண்ட ஆண்டுகள் வறண்ட ஆண்டுகளோடும், செழித்த ஆண்டுகள் செழித்த ஆண்டுகளோடும் கூட்டமாக வருகின்றன; தற்செயல் என்று விட்டுவிட முடியாத அளவுக்கு இந்தக் கூட்டம் பலமாக இருக்கிறது. ஏழு ஆண்டுச் செழிப்பையும் ஏழு ஆண்டுப் பஞ்சத்தையும் பற்றிய விவிலியக் கதையை நினைத்து, இதற்குக் கணிதவியலாளர் மாண்டல்பிராட் பின்னாளில் யோசேப்பு விளைவு என்று பெயர் வைத்தார். அந்த விளைவு காவிரியிலும் இருக்குமானால், நான் மேலே தந்த 79 விழுக்காடு என்பது குறைத்துச் சொன்ன எண். 2002-லும் 2003-லும் டெல்டா அடுத்தடுத்துக் காய்ந்ததை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை.

தொடர் பற்றாக்குறையைத் தாங்க ஓர் ஆற்றுக்குச் சேமிப்பு வேண்டும். கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி நான்கும் சேர்ந்து 114.57 டி.எம்.சி. கொள்ளும். மேட்டூர் 93.47, பவானிசாகர் 32.8. ஆக மொத்தம் சுமார் 240. ஆண்டு வரத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு நல்ல ஆண்டின் மிகுதியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல இந்த அணைகளால் முடியாது. தென்மேற்குப் பருவத்தை அதே ஆண்டின் தைவரை கொண்டு சேர்க்கத்தான் முடியும். காவிரியில் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய வெறுங்கையோடுதான் தொடங்குகிறது.

இதே அளவு தண்ணீரை இதே போல முழுவதும் பங்கு போட்ட இன்னோர் ஆறு உண்டு. அமெரிக்காவின் கொலராடோ. 1922-இல் ஏழு மாநிலங்கள் ஒப்பந்தம் செய்தபோது ஆற்றின் சராசரி வரத்து ஆண்டுக்கு 1.64 கோடி ஏக்கர் அடி என்று கணக்கிட்டிருந்தார்கள். நம் அளவில் சுமார் 714 டி.எம்.சி. பரப்பில் காவிரிப் படுகையைப்போல் ஏழு மடங்குக்கு மேல் பெரிய பாலைநிலத்து ஆறு, தண்ணீரில் காவிரியின் அளவே. மேற்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் ஆளுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி. 1944-இல் மெக்சிகோவுக்கு மேலும் 15 லட்சம். கூட்டினால் 719 டி.எம்.சி. அவர்கள் கணக்கெடுத்த ஆண்டுகள் வழக்கத்தைவிடச் செழித்த ஆண்டுகள் என்பது பிறகுதான் உறுதியானது. 1976-இல் ஸ்டாக்டன், ஜேக்கபி என்ற இருவர் மரங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு நான்கு நூற்றாண்டுகளின் ஓட்டத்தைக் கணித்தபோது நீண்டகாலச் சராசரி 1.35 கோடி ஏக்கர் அடிதான் என்று வந்தது, 588 டி.எம்.சி. 2000-க்குப் பிறகு அதுவும் வரவில்லை. சுமார் 540 டி.எம்.சி. அளவில் நிற்கிறது. மழை குறைந்தது மட்டும் காரணமல்ல. வெப்பம் கூடியதால் மண்ணும் செடிகொடிகளும் முன்பைவிட அதிகம் குடித்துக்கொள்கின்றன. கொலராடோவின் நீர்த்தேக்கங்கள் நான்கு ஆண்டு வரத்தைக் கொள்ளக்கூடியவை. அப்படியிருந்தும் 2021 ஆகஸ்டில், அவற்றுள் ஒன்றான மீட் ஏரியின் வரலாற்றில் முதன்முறையாக, கீழ்ப்படுகைக்குப் பற்றாக்குறை அறிவித்தார்கள். நான்கு ஆண்டுச் சேமிப்பு அவர்களுக்கு இருபது ஆண்டு அவகாசம் வாங்கிக் கொடுத்தது. ஓர் ஆண்டு வரத்தில் மூன்றில் ஒரு பங்குச் சேமிப்பு நமக்கு எவ்வளவு அவகாசம் தரும்?

பழைய அளவீடுகளின் பரவலே வருங்காலத்துக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கையின்மேல்தான் இந்தக் கணக்குகள் எல்லாம் நெடுங்காலம் நின்றன. 2008-இல் மில்லியும் மற்ற நீரியலாளர்களும் சயின்ஸ் இதழில் அந்த நம்பிக்கை செத்துவிட்டது என்றே தலைப்பிட்டு எழுதினார்கள். காவிரியின் 740 என்பது 1972-இல் அமைந்த உண்மை அறியும் குழுவின் காலத்து அளவீடுகளில் வேர்கொண்ட எண். அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் குடகிலும் வயநாட்டிலும் காடு மாறியிருக்கிறது, மழை பெய்யும் விதம் மாறியிருக்கிறது, ஆழ்துளைக் கிணறுகள் பெருகியிருக்கின்றன. நாம் இன்னும் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டுக்கென்று தனியாக இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதைப் பற்றிப் பொதுவெளியில் பேச்சே எழுவதில்லை. நம் பங்கான 404.25-இல் பிலிகுண்டுலு வழியாக வருவது 177.25 மட்டும். மீதி 227 டி.எம்.சி. மாநிலத்துக்குள்ளேயே, பவானி, அமராவதி, நொய்யல் படுகைகளிலும் டெல்டாவிலும் பெய்யும் மழையிலிருந்து வர வேண்டும். அதில் வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆக டெல்டாவின் விதி இரண்டு பருவமழைகளின் கையில் இருக்கிறது. ஒன்று ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பொய்க்கும், மற்றதும் அப்படியே என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்றால், ஒரே ஆண்டில் இரண்டும் பொய்ப்பது இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை. முதலாவது பொய்த்த ஆண்டுகளில் பாதியில் இரண்டாவதும் பொய்க்கும் என்றால் அது பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஆகிவிடும். தனித்தனி வாய்ப்புகள் மாறவே இல்லை. அவை எப்படிச் சேர்ந்து நடக்கின்றன என்பது மட்டும்தான் மாறியது. 1959-இல் ஏப் ஸ்க்லார் என்ற கணிதவியலாளர் நிறுவிய தேற்றத்திலிருந்து வளர்ந்த கோப்புலா முறை இந்தச் சேர்க்கையைத்தான் கணக்கிடுகிறது. பற்றாக்குறையின் நீளத்தையும் கடுமையையும் ஒன்றாகப் பார்க்கவும் உலகெங்கும் நீரியலாளர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்கு தளர்ந்தால் வடகிழக்கு வலுப்பது பொதுவான போக்கு. அது நமக்கு ஓர் ஆறுதல். ஆனால் 2016-இல் அந்த ஆறுதல் கைகொடுக்கவில்லை. நாடு முழுவதும் தென்மேற்குப் பருவமழை சராசரியில் 97 விழுக்காடு பெய்த ஆண்டு அது. காவிரிப் பிடிப்புப் பகுதியில் மட்டும் பொய்த்தது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விநாடிக்கு 15,000 கன அடி விடச் சொல்லி, ஒரு வாரத்தில் அதை 12,000 ஆகக் குறைத்தது. பெங்களூரு பற்றி எரிந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. தேசிய சராசரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதில் எதுவுமே முன்கூட்டித் தெரிந்திருக்காது.

பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் தண்ணீர் ஆற்றின் இயல்பான ஓட்டம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மேலே அணைகளில் பிடித்தது, பாசனத்துக்கு எடுத்தது, குடிநீருக்கு இறைத்தது எல்லாம் போக விட்டதுதான் அங்கே வருகிறது. அந்த எண்களின்மேல் நேரடியாக ஒரு நிகழ்தகவுப் பரவலைப் பொருத்தினால், வானத்தின் போக்கோடு மதகு திறப்பவரின் முடிவும் கலந்துவிடும். எடுத்ததை எல்லாம் திரும்பக் கூட்டி இயல்பு ஓட்டத்தை மீட்டெடுத்த பிறகே கணக்கு தொடங்க வேண்டும். 2023-இல் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு இதற்கு அருகில் வந்தது: கர்நாடகத்தின் நான்கு அணைகளின் நீர்வரத்தை முப்பது ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டு, பாதிக்கு மேல் குறைவு என்று கண்டு, அந்த விகிதத்தில் தமிழ்நாட்டுக்கான அளவைக் குறைத்தது. ஒன்றுமில்லாததற்கு இது மேல். ஆனால் முப்பது ஆண்டுச் சராசரியை ஓரிரு பெருவெள்ள ஆண்டுகளே மேலே இழுத்துவிடும். அணைகளில் ஏற்கெனவே இருந்த நீரும், வயலில் பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்பதும் அதில் இடம்பெறுவதில்லை. நூற்றுக்கு இத்தனை குறைவு என்ற ஒற்றை எண் அது. நீளம் அதில் இல்லை.

விகிதப்படி குறைப்பது என்பதும் கீழே இறங்க இறங்கச் சமமாக இருப்பதில்லை. 2024 அக்டோபரில் பெங்களூருவின் ஐந்தாம் கட்டக் காவிரிக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். ஆண்டுக்குக் கணக்கிட்டால் அது ஒன்றே 10 டி.எம்.சி. அந்த ஆண்டு மார்ச்சில் அந்நகரம் குடிநீருக்குத் தவித்ததைப் பார்த்தவர் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஒகேனக்கல் திட்டத்தைக் கொண்டு ஃபுளூரைடு நீரிலிருந்து தப்பிய தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் தண்ணீரையும் யாரும் தொட முடியாது. குடிநீர், ஆறு எவ்வளவு சுருங்கினாலும் சுருங்காது. ஆகவே ஆறு 30 விழுக்காடு குறைந்தால் பாசனத்துக்கு எஞ்சுவது 30 விழுக்காட்டுக்கும் மேல் குறையும். இரு மாநிலத்திலும் அந்தக் கூடுதல் சுமை கடைமடை உழவர் தலையில்தான் விழுகிறது. நகரங்கள் வளர வளர அந்த இடைவெளி பெருகும்.

நிலத்தடி நீர் இருக்கிறதே என்பார்கள். உச்ச நீதிமன்றமும் டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் கொண்டே தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்தது. ஆனால் டெல்டாவின் நிலத்தடி நீருக்கு ஊற்றுக்கண் காவிரியும் அதன் வாய்க்கால்களும் நெல்வயல்களும்தான். ஆறு ஓடாத ஆண்டில் எல்லாப் பம்புசெட்டும் ஒரே நேரத்தில் ஓடும். அதே ஆண்டில் ஊறுவதும் நின்றிருக்கும். நாகை, திருவாரூர் கடலோரத்தில் இறைக்க இறைக்க உப்பு உள்ளே வரும். பற்றாக்குறைக்குத் துணையாகக் கணக்கில் எழுதிய நீர், பற்றாக்குறையோடு சேர்ந்தே வற்றுகிறது. இரண்டையும் தனித்தனி வரவாகக் கூட்டுவது, ஒரே பணத்தை இரண்டு இடத்தில் வரவு வைப்பதாகும்.

செய்ய வேண்டியவை நம் கைக்கு எட்டாதவை அல்ல. இயல்பு ஓட்டத்தின் தினசரி வரிசையை இன்றுவரை நீட்டி, நான்கு மாநிலங்களும் ஒப்புக்கொள்ளும் வடிவில் மேலாண்மை ஆணையம் வெளியிட வேண்டும். ஒவ்வொரு மாதத்துக்கும் தனிக் கோடு வகுத்து, அதற்குக் கீழே எத்தனை நாள், எவ்வளவு டி.எம்.சி. என்று இரண்டையும் சேர்த்து வாய்ப்புக் கணக்கிட வேண்டும். பற்றாக்குறை ஆண்டுகளின் அளவீடுகள் எண்ணிக்கையில் குறைவாகவே இருக்கும் என்பதால், விடையாக வரும் எண்ணோடு அதன் தவறெல்லையையும் மறைக்காமல் அச்சிட வேண்டும். பற்றாக்குறையின் எந்தப் படியில் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை வறட்சி இல்லாத ஆண்டிலேயே எழுதி ஒப்பமிட வேண்டும். எந்தப் பக்கம் குறை விழும் என்று யாருக்கும் தெரியாதபோதுதான் அதை நேர்மையாகப் பேச முடியும்.

காலமும் முக்கியம். காவிரியின் நீராண்டு ஜூன் 1-இல் தொடங்குகிறது. இன்று பற்றாக்குறை என்ற சொல் அதிகாரபூர்வமாக உச்சரிக்கப்படுவது ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ. அதற்குள் குறுவை நட்டு, உரம் போட்டு, கடனும் வாங்கியாகிவிடுகிறது. மே இறுதியில் ஆறு அணைகளின் இருப்பு தெரியும், பருவமழையின் முன்கணிப்பும் கையில் இருக்கும். அந்த இருப்பில் தொடங்கிய ஆண்டுகளில் ஆகஸ்டில் இருபது நாட்களுக்கு மேல் தண்ணீர் நின்றுபோவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதை, பழைய வரிசையிலிருந்தே கணக்கிட்டு ஒரு பக்கத்தில் அச்சடித்து ஒவ்வொரு வேளாண் விரிவாக்க மையத்திலும் ஒட்ட முடியும். குறுகிய கால ரகமா, நேரடி விதைப்பா, குறுவையை விட்டுச் சம்பாவுக்குக் காத்திருப்பதா என்று கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் வேதாரண்யத்திலும் உழவர்கள் முடிவெடுப்பது மே இறுதியை ஒட்டிய அந்த நாட்களில்தான்.